துளையணிகளின் தண்டுத் தடிமன்

துளையணி என்பது காது, மூக்கு, உதடு, நாக்கு, தொப்புள் முதலிய உறுப்புகளில் இட்ட துளையினூடே அணியப்படும் நகையாகும். துளைக்குள் நிற்கும் அதன் பகுதி தண்டு எனப்படும். புண் ஆறுவதும், நகையின் எடையைத் தசை தாங்குவதும், துளை கிழியாதிருப்பதும் தண்டின் தடிமனைப் பெரிதும் சார்ந்துள்ளன.

அளவீடு

தடிமன் மில்லிமீட்டரிலோ, கம்பித் தொழிலிலிருந்து வந்த கேஜ் எண்ணிலோ குறிக்கப்படும். அச்சுத் துளைகள் வழியே பலமுறை இழுக்கப்படும் கம்பி மேலும் மேலும் மெலிவதால், கேஜ் எண் ஏறத் தடிமன் குறையும்: 20 கேஜ் ஏறத்தாழ 0.8 மி.மீ., 18 கேஜ் 1.0, 16 கேஜ் 1.2, 14 கேஜ் 1.6, 12 கேஜ் 2.0, 10 கேஜ் 2.4, 8 கேஜ் 3.2 மி.மீ. ஆகும். இந்த இடைவெளிகள் சீரானவை அல்ல. 20இலிருந்து 18க்கு 0.2 மி.மீ. மட்டுமே கூட, 10இலிருந்து 8க்கு 0.8 மி.மீ. கூடுவதால், துளையைப் பெரிதாக்குவோர் தடித்த அளவுகளை நெருங்கும்போது இன்னும் நிதானமாக ஏற வேண்டியுள்ளது.

தடிமனும் அழுத்தமும்

நகையின் எடை, தண்டு துளையின் கீழ்விளிம்பைத் தொடும் பரப்பில் இறங்குகிறது. ஒரே எடைக்குத் தண்டின் தடிமன் பாதியானால் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். இதனால் கனத்த தோட்டை மெல்லிய தண்டில் தொங்கவிட்டால் காது மடல் சிறிது சிறிதாக அறுபடும். மாறாக, துளையைவிடத் தடித்த தண்டை வலிந்து நுழைத்தால் உட்தோல் கிழிந்து தழும்பு கட்டும். மூக்குக்கு 20 அல்லது 18 கேஜும், காதின் மேற்குருத்தெலும்புக்கு 18 அல்லது 16 கேஜும், தொப்புளுக்கும் நாக்குக்கும் 14 கேஜும் பொதுவாகப் பயன்படுகின்றன.

தமிழர் வழக்கு

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பாம்படம், தண்டட்டி போன்ற கனத்த அணிகளைப் பூண்ட பெண்களுக்குத் துளை ஒரேயடியாகப் பெரிதாக்கப்படவில்லை. சுருட்டிய ஓலை விரிந்து மெல்ல அழுத்துமாறு செய்து, படிப்படியாகக் காது வளர்க்கப்பட்டது. அவ்வணிகள் வழக்கொழிந்தபின் திருகுத் தோடே நிலைத்தது. இந்திய நகைத்தொழிலில் 'சவுத் ஸ்க்ரூ' எனப்படும் தடித்த திருகுத் தண்டும், 'பாம்பே ஸ்க்ரூ' எனப்படும் மெல்லிய தண்டும் வேறு வேறானவை. பாம்பே ஸ்க்ரூவுக்குப் பழகிய துளையில் சவுத் ஸ்க்ரூ எளிதில் நுழைவதில்லை. மலேசியாவில் சுங்கை பூலோ உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்கள், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா ஆகிய வணிகப் பகுதிகளில் 916 தங்கத் தோடு வாங்கும்போதும் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும். அவ்வெண் 91.6 விழுக்காட்டுத் தூய்மையைக் குறிக்கும். இத்தங்கம் மென்மையானது என்பதால், மிக மெல்லிய தண்டு எளிதில் வளையக்கூடும்.

சுங்கை பூலோவுக்குக் கிழக்கே பத்துமலையில் தைப்பூசத்தன்று நாவிலும் கன்னத்திலும் குத்தப்படும் அலகு இவ்விதிகளுக்குப் புறம்பானது. நேர்த்தி நிறைவேறியதும் அது உருவப்பட்டு, அவ்விடத்தில் திருநீறு பூசப்படுகிறது. துளை நிலைக்க வேண்டியதில்லை என்பதால் அங்குத் தடிமனைத் தீர்மானிப்பது நகையின் எடையன்று.

தேர்வு

புதிய துளைக்கு அது குத்தப்பட்ட அளவிலேயே அணி இருக்க வேண்டும். மடல் ஆறச் சில வாரங்களும், குருத்தெலும்பு ஆறப் பல மாதங்களும் ஆகும். பழைய துளையானால், பொருந்தியிருக்கும் தோட்டின் தண்டைக் காலிப்பரால் அளந்து அதே அளவில் புதியதை வாங்குவது ஏற்றது. நகை கனமானால், தண்டைத் தடிமனாக்குவதோடு காதுச் சங்கிலி, மாட்டல் ஆகியவற்றால் எடையைப் பகிர்வதும் தமிழ்ப் பெண்களின் வழக்கம். துளை ஏற்கெனவே நீண்டு பிளவாகிவிட்டால் எந்தத் தடிமனும் பயன்படாது. மருத்துவர் தையலிட்டு இணைத்த மடல் முற்றும் ஆறிய பின்னர், தழும்பைத் தவிர்த்து வேறிடத்தில் குத்துவதே வழியாகும்.