ஒரு திருகாணியின் வரலாறு

பால்மரத்தில் கத்தி பிடிக்கும் கைகளுக்கு நுட்பம் இன்னதென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும்; ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் 560-க்கும் மேற்பட்ட கோடுகளைக் கீறிய ஓர் இயந்திரத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் ஹென்றி ரோலண்ட். 1882-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த இயந்திரத்தில், மெருகிட்ட உலோகத் தகட்டின்மேல் வைரமுனை ஒரு கோடு கீறும். உடனே ஒரு திருகாணி இம்மியளவு திரும்பித் தகட்டை நகர்த்தும், மறுகோடு விழும். இப்படி ஓர் அங்குலத்துக்கு 14,438 கோடுகள்! அத்தகட்டில் பட்ட சூரிய ஒளி வானவில்லாகப் பிரியும். அதனிடையே தெரியும் கருங்கோடுகளைக் கொண்டு, சூரியனில் இரும்பு உண்டா, சோடியம் உண்டா என்று இங்கிருந்தே அறியலாம்.

எல்லாம் அந்தத் திருகாணியைப் பொறுத்தது. புரிகள் சீராக இல்லாவிட்டால், ஒளியில் இல்லாத கோடுகள் தோன்றும். அறிஞர்கள் அவற்றைப் ‘பேய்கள்’ என்றே அழைத்தார்கள்! கடைசல் இயந்திரம் எதுவும் அவ்வளவு செம்மையான திருகாணியைத் தராது. ரோலண்ட் என்ன செய்தார்? நீண்ட மரை ஒன்றை நெடுக்காகப் பிளந்து, திருகாணியைச் சுற்றி இறுக்கி, எண்ணெயும் எமரிப் பொடியும் இட்டு முன்னும் பின்னும் ஓட்டச் செய்தார். அடிக்கடி மரையைத் தலைமாற்றிப் போட்டார். மரை ஒரே சமயத்தில் பல புரிகளைத் தழுவுவதால், மிகுந்து நிற்கும் புரி கூடுதலாகத் தேயும். குறையுள்ள இயந்திரத்தில் கடைந்த திருகாணி, அவ்வியந்திரத்தையே மிஞ்சியது.

இப்பணியில் அவருக்குக் கைகொடுத்தவர் தியோடோர் ஷ்நைடர் என்ற இயந்திரத் தொழிலாளி. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை என்று நாம் கருதுகிறோம்.

வெப்பம் இன்னொரு பகை. ஆறு அங்குல எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஏறக்குறைய ஒரு கோட்டின் இடைவெளி அளவு நீண்டுவிடும். ஆகவே இயந்திரத்தை நிலவறையில் வைத்தார்கள். அங்கே அது நாட்கணக்கில் ஓடியது.

1890-ஆம் ஆண்டளவில் ரோலண்டுக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தது. அக்காலத்தில் இன்சுலின் இல்லை. 1901-இல், 52-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தியை, இயந்திரம் இருந்த அந்த நிலவறைச் சுவரிலேயே வைத்தார்கள்.