சாம்பலும் நீறும்



அடுப்பில் எஞ்சுவதைச் சாம்பல் என்கிறோம். நெற்றியில் அணிவதை எவரும் அப்படிச் சொல்வதில்லை. நீறு என்கிறோம், திருநீறு என்கிறோம். ஒரு பொருளுக்கு இரு சொற்கள் ஏன் வேண்டியிருந்தன என்று வினவுவது வீண்வேலையன்று. நமுனுகுல மலைச்சாரலில் வாழும் நம்மவர்க்கு அவ்வினா வரலாற்றோடும் தொடர்புடையது.

சாம்புதல் என்றால் வாடுதல், ஒடுங்குதல். பூவும் சாம்பும், முகமும் சாம்பும். நெருப்பு ஒடுங்கியபின் கிடப்பது சாம்பல். நீறு வேறு வழியில் வந்த சொல். நீற்றுதல் என்பது சுட்டுப் பொடியாக்குதல். சுண்ணாம்புக்கும் நீறு என்றே பெயர். திருநாவுக்கரசரை அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் கூறும் நீற்றறை சுண்ணாம்புக் காளவாயே. ஆகவே சாம்பல் தானே எஞ்சுவது, நீறு மனிதன் வேண்டிச் செய்வது என்று எனக்குத் தோன்றுகிறது. வடமொழியில் விபூதி என்றால் பேராற்றல், செல்வம். பஸ்மம் என்பதோ விழுங்குதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. நம் வைத்தியர் அதைப் பற்பம் ஆக்கிக்கொண்டனர்.

ஊவா இவ்விருவகைச் சாம்பலையும் கண்ட நாடு. 1817இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். அடுத்த ஆண்டில் தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் அவர்களுடைய வீடுகளையும் தானியத்தையும் கொளுத்தின. அது அழிவின் சாம்பல். மற்றது சேனைப் பயிர். கிராமத்தவர் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் குரக்கன் விதைத்து, சில போகத்தின் பின் அந்நிலத்தை மீண்டும் காடாக விட்டுவிடுவர். விளைவை வேண்டிச் செய்த அதனை நீறு என்றே சொல்லலாம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்க இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை என்று கொண்டது. அவ்வாறு முடிக்குரியனவான காடுகளைக் கோப்பித் துரைமார் வாங்கினர். அவர்கள் செய்தது என்ன? அவர்களும் மரங்களை வெட்டி, உலரவிட்டு, தீயிட்டு, சாம்பலுக்கிடையே குழி தோண்டிக் கன்று நட்டனர். கிராமத்தான் எரித்தால் காட்டழிவு. துரை எரித்தால் பயிர்ச்செய்கை! கோடரி பிடித்தவருள் சிங்களக் கிராமத்தவர் பலர். கோப்பி பறித்தவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தோர். நிலம் இழந்தவனும் நிலமின்றி வந்தவனும் பிற்காலத்தில் ஒருவரையொருவர் நோக்கிக் குறை கூறினர். தீ வைக்கச் சொன்ன கை இருவர் கண்ணிலும் படவில்லை.

1869இல் மடுல்சீமையில் கோப்பியின் இலைத்துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. பின்னர் கோப்பி ஒழிந்தது, தேயிலை வந்தது.

தேயிலைக்கு இடும் உரத்திலும் இச்சொல் ஒளிந்திருக்கிறது. மரச்சாம்பலை நீரில் கரைத்து வடித்து, சட்டியில் வற்றக் காய்ச்சி எடுத்த உப்பை ஐரோப்பியர் 'சட்டிச் சாம்பல்' என்னும் பொருளில் பொட்டாஷ் என்றழைத்தனர். 1807இல் ஹம்பிரி டேவி அதன் வழியாகப் பிரித்தெடுத்த உலோகமே பொட்டாசியம். இன்று தோட்டத்துக்கு மூட்டையில் வருவது சுரங்கத்து உப்பு. சாம்பல் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. காரத்தைக் குறிக்கும் அல்கலி என்னும் அரபுச் சொல்லும் முதலில் செடிச் சாம்பலையே குறித்தது.

ஆங்கிலத்தில் ஆஷ் என்பது உண்மையில் இரு சொற்கள். ஒன்று சாம்பல், மற்றது முற்காலத்தில் ஈட்டிக்குக் காம்பு தந்த ஒரு மரம். 1911இல் மணியாச்சியில் சுடப்பட்ட ஆஷ் துரையின் குடும்பப்பெயர் மரத்தின் வழி வந்ததேயன்றிச் சாம்பலின் வழி வந்ததன்று.

இத்தகைய மயக்கம் நம் மாகாணத்திலும் உண்டு. சிங்களத்தில் சாம்பலுக்கு அளு என்று பெயர். மகியங்கனையின் பழம்பெயரான அளுத்நுவரவைக் கேட்டுச் சாம்பல் நகரம் என்று கொள்ளலாகாது. அது 'புதிய நகர்'. சிங்களத்தில் அங்கே லகரமே உண்டு. நாம் ளகரம் இட்டு எழுதுவதால் வந்த குழப்பம் இது.

பதுளைச் சந்தையில் மட்டும் மூன்று மொழிகளும் ஒன்றுபடுகின்றன. சிங்களவர் அளு புஹுல் என்பதை ஆங்கிலம் பேசுவோர் ஆஷ் பம்கின் என்பர். நாம் நீற்றுப்பூசணி என்போம். இளங்காயின் மேல் இருப்பது சுணை. காய் முற்றிய பிறகுதான் அந்த வெண்ணீறு படியும்.