பொதுவில் வைத்த பொட்டி

‘பொது’ என்று எழுதி வைத்த எதுவும் நம் கிராமங்களில் பொதுவாக இருந்ததில்லை. ரெட்டமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று அரசாணையே பிறந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது. கிணறு ஊர்த்தெருவில் இருந்தது.

கருவிகளின் வரலாறும் இதே தடத்தில்தான் வந்தது. எங்க பஞ்சாயத்து ரேடியோ ஊர்த்தெருவில் பாடியது; காத்து சேரிப்பக்கம் அடிச்சா எங்களுக்கும் கேக்கும். அப்புறம் டிவிப்பொட்டி வந்தது. அதுக்கு ஒரு பூட்டு, சாவி தலைவர் வீட்டில். எங்க சனங்க வாசலுக்கு வெளியே நின்னு பாத்தாங்க. உள்ளே வராதேன்னு யாரும் எழுதி வைக்கல. எழுதத் தேவையும் இல்லை. 2006க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோதுதான் எங்க ஆயா உக்காந்து படம் பாத்துச்சு. அதை ‘இலவசம்’ என்று நக்கலடித்தவர்கள் யாரும் அடுத்தவர் வாசலில் நின்று டிவி பார்த்தவர்கள் அல்லர்.

2011இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வந்தது. கணினி வந்த வீட்டுக்கு இணையம் வரவில்லை. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் இணைய வசதி இருந்தது நகரத்தில் 100க்கு 42 குடும்பங்களுக்கு, கிராமத்தில் 15க்கும் குறைவு. ‘கிராமம்’ என்ற அந்த ஒரே சொல்லுக்குள் ஊரும் சேரியும் ஒன்றாகிவிடுகின்றன.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடம் செல்போனுக்குள் போனது. எங்க தெருவில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே அதிகம். அது காலையில் அப்பனோடு வேலைக்குப் போயிடும்; ராத்திரி திரும்பும்போது வகுப்பும் முடிஞ்சிருக்கும், சார்ஜும் தீர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பரில். அதற்குள் செங்கல் சூளைக்குப் போன பையன்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அவர்கள் ‘இடைநின்றவர்கள்’. யார் நிறுத்தினார்கள் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

2023 சனவரியில் நூறுநாள் வேலையின் வருகைப் பதிவும் செல்போன் செயலிக்குள் கட்டாயமாகப் போனது. டவர் கிடைக்காத நாளில், மண் வெட்டிய பெண்ணின் கூலிக்கே சாட்சி இல்லாமல் போனது.

காசில்லாததால் கருவி இல்லை என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது, தோழர்களே. கம்பி எந்தத் தெருவோடு நிற்கிறது, இ-சேவை மையம் யார் வாசலில் திறக்கிறது, அதன் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று கேட்க வேண்டும். தண்ணீரைப் போல இணையத்தையும் உரிமையாகவே கேட்போம். சேரிக்குள்ளேயே நூலகம், அங்கே கணினி, எங்க பிள்ளைங்க கையில் சாவி. முதலில் இதைக் கேட்போம்.