'எஸ்டேட்' என்னும் ஒரு சொல்

சுதந்திரம் என்னும் சொல் நம் நாட்டில் ஒரு கட்சியின் பெயராகவும் விளங்கியதுண்டு. 1959ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் செய்தது. அதனை எதிர்த்து அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி தோன்றியது. மூதறிஞர் ராஜாஜி அதன் உயிர். நமது ஆந்திர நாட்டு என்.ஜி.ரங்கா அதன் தலைவர். பம்பாய் மினூ மசானி அதன் பொதுச் செயலாளர்.

அரசின் கை சுருங்க வேண்டும், உழவனும் வணிகனும் தத்தம் பொருளைத் தாமே ஆள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று ராஜாஜி இட்ட பெயர் இன்றும் மறையவில்லை. எதிர்ப்பக்கத்தாரோ, நிலமும் உணவும் இல்லாதவனுக்குச் சுதந்திரத்தால் என்ன பயன் என்றனர். முன்னவர் அச்சொல்லைத் தடையின்மை என்ற பொருளிலும், பின்னவர் வாழ வழியுடைமை என்ற பொருளிலும் வழங்கினர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. வழக்கு எங்ஙனம் முடியும்? செங்கற்பட்டுச் சீமையின் பழைய வருவாய்க் கணக்குகளில் 'சுதந்திரம்' என்றால், களத்து நெல்லிலிருந்து மிராசுதாரருக்கும் ஊர்ப் பணியாளருக்கும் மரபாக அளிக்கும் பங்கு! மரக்காலால் அளக்கக்கூடிய சுதந்திரம் அது. மேடையில் முழங்கிய சுதந்திரத்திற்கு அப்படியொரு மரக்கால் இல்லை.

இதனினும் கூர்மையான சொற்போர் 'எஸ்டேட்' என்பதைப் பற்றி எழுந்தது. ஐதராபாத்தில் வாழும் நமக்கு ஜாகீர் என்பது புதிய சொல்லன்று. நிஜாம் காலத்து ஜாகீர்கள் 1949இல் ஒழிக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலும் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டது. இத்தகைய சட்டங்களை அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்கலாகாது என்று 1951இல் அரசியல் சட்டத்தில் 31-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எஸ்டேட் எனும் சொல் ஜாகீர், இனாம் முதலியவற்றைக் குறிக்கும் என்று அப்பிரிவே கூறியது.

ஆனால் தஞ்சையிலோ கோயமுத்தூரிலோ பட்டா பெற்று, நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டும் ரயத்துவாரி உழவன் ஜமீன்தாரா? அல்லன். அவன் நிலத்தை எஸ்டேட் என்று அவன் பாட்டனும் சொன்னதில்லை. கேரள நிலச் சட்டத்தை 1961இல் ஆராய்ந்த சுப்ரீம் கோர்ட்டு, அங்கு வழக்கிலிருந்த ரயத்துவாரி நிலம் எஸ்டேட் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. குடும்பத்திற்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என உச்சவரம்பு வைத்த சென்னைச் சட்டமும் 1964 மார்ச்சில் செல்லாதென்று ஆயிற்று. சர்க்கார் என்ன செய்தது? சொல்லின் பொருளையே மாற்றியது! 1964 ஜூனில் நிறைவேறிய பதினேழாவது திருத்தம், ரயத்துவாரி நிலமும் எஸ்டேட்டே என்று எழுதிவிட்டது.

சரக்கு ஆபீசில் வேலை செய்பவர் அறிவர்: ஒரு பொருள் எந்த வகுப்பினது என்று துணிந்த பின்னரே கட்டணம் போடலாம். கட்டணம் கூடுதலாக வேண்டுமென்று வகுப்பை மாற்றினால் வணிகர் சும்மா இருப்பாரா? உழவரும் இருக்கவில்லை. ராஜாஜியும் ரங்காவும் அத்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தனர். நிலமற்றோருக்கு நிலம் வேண்டுமென்ற சர்க்காரின் நோக்கத்தை நான் குறை கூறேன். கூலிக்கு உழுதவனின் பசி மெய்யான பசி. எனினும் ஐந்து ஏக்கர்க்காரனையும் ஜாகீர்தாரையும் ஒரே சொல்லில் அடைத்தது நேர்மையான வாதமன்று என்றே கருதுகிறேன். அவன் அஞ்சியதில் வியப்பென்ன?

அதே திருத்தத்தில் மற்றொரு வாசகமும் உண்டு. உச்சவரம்புக்கு உட்பட்டு ஒருவன் தானே பயிரிடும் நிலத்தைச் சர்க்கார் எடுத்தால், சந்தை விலைக்குக் குறையாமல் ஈடு தர வேண்டும் என்பது அது. சுதந்திரம் இன்னதென்று உடன்படாத இரு தரப்பாரும் ஏற்கத்தக்க அளவு ஒன்று இங்கே கிடைத்தது. வாங்குவோரும் விற்போருமாகிய பலர் அறிந்தவற்றை விலை ஒன்றே திரட்டிக் காட்டுகிறது என்று ஹாயெக் என்னும் பொருளியல் அறிஞர் 1945இல் எழுதியிருந்தார். ஒருவர் விருப்பத்தைச் சாராத அளவு என்பதே அதன் சிறப்பு.

1967 தேர்தலில் 44 இடங்களைப் பெற்று லோக்சபையில் அமர்ந்த சுதந்திராக் கட்சி, 1974இல் வேறு கட்சியோடு கலந்து மறைந்தது. சொத்துரிமையும் 1978ஆம் ஆண்டின் திருத்தத்தால் அடிப்படை உரிமை என்ற நிலையை இழந்தது. அந்தச் சந்தை விலை வாசகம் மட்டும் 31-ஏ பிரிவில் இன்றும் இருக்கிறது. ஆயினும் ஊரில் நிலம் விற்ற அன்பர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள்: பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று, கைமாறிய தொகை மற்றொன்று. இவற்றுள் எது சந்தை விலை என்று அதிகாரியும் உழவனும் இன்னும் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.