வாவிக் கரையும் வரலாறும்

நீர்நிலையின் கரையிற் கல் அடுக்குவது அழகின் பொருட்டு மட்டுமன்று. அலை அரிக்கும் மண்ணைக் காப்பதும் அக்கல்லே. வீட்டுத் தோட்டத்துச் சிறுகுளத்துக்கும் பெருவாவிக்கும் இவ்விதி பொதுவானது. எனினும், கரையானது நீருக்கு அரணாவதோடு அமையாது, ஓர் அரசின் கனவையும் அதன் விலையையும் உரைக்கவல்லது என்பதற்குக் கண்டி வாவி சான்றாகும்.

மதுரை நாயக்கர் வழிவந்தவனும் கண்டியின் இறுதி மன்னனுமாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் (1798–1815) வயல்வெளியை மறித்து இவ்வாவியை அமைத்தான். 1810க்கும் 1812க்கும் இடையில் அணை எழுந்தமை ஜோன் டொய்லியின் குறிப்புகளாற் புலனாகின்றது. வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்பர். வாவியின் சிங்களப் பெயர் 'கிரி முகுத', அஃதாவது பாற்கடல். கரைமதிலோ 'வலாகுலு பம்ம', முகில் மதில் எனப்பட்டது. கடலும் முகிலும் சூழ்ந்த விண்ணகரை மண்ணிற் காண மன்னன் விழைந்தான் போலும். அம்மதிலின் முக்கோண மாடங்களில் விழாநாள்களில் விளக்கேற்றினர்.

ஆயின், அவ்வழகின் பாரத்தைச் சுமந்தவர்கள் இராசகாரியக் கடமைக்கு அழைக்கப்பட்ட குடிகளே. அச்சுமை மன்னன்மீது வெறுப்பை வளர்த்த காரணங்களுள் ஒன்றாயிற்று. 1815இல் அரசு ஆங்கிலேயர் வசமானது. மதில் பாதியிலே நின்றது. வேலூரிற் சிறையிருந்த மன்னன் 1832இல் மறைந்தான். அதே ஆண்டில், அரசுக்குச் செய்யவேண்டியிருந்த இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது.

வாவியின் வனப்பைப் போற்றும் நாம் மன்னன் பெயரை மட்டும் நினைவுகூர்தல் போதாது. மண்சுமந்து அணையெழுப்பிய குடிகளின் உழைப்பையும் சேர்த்து எழுதுவதே முறையான வரலாறாகும்.