வைப்அவுட் ஒமேகா கலெக்ஷன்

வைப்அவுட் ஒமேகா கலெக்ஷன், தரையில் சக்கரம் பதியாமல் மிதந்து பாயும் கலங்களைக் கொண்டு வருங்காலத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பந்தயங்களின் தொகுப்பாக, சோனி நிறுவனம் 2017 ஜூன் மாதம் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளியிட்ட வீடியோ விளையாட்டு ஆகும். 2008இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த வைப்அவுட் எச்டி, அதன் விரிவாக்கமாக 2009இல் வந்த ஃபியூரி, 2012இல் வீட்டா என்னும் கையடக்கக் கருவிக்கு வந்த வைப்அவுட் 2048 ஆகிய மூன்றும் இதில் ரீமாஸ்டர் செய்யப்பட்டுள்ளன. ஒரு விளையாட்டின் விதிகளையும் தடங்களையும் இயக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் படத்தையும் ஒலியையும் மட்டும் புதிய கருவியின் வலுவுக்கு ஏற்பத் துலக்கித் தருவதே ரீமாஸ்டர் எனப்படும். அடித்தளத்திலிருந்து யாவற்றையும் மீண்டும் எழுதும் ரீமேக் இதிலிருந்து வேறானது. வைப்அவுட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் 1995ஆம் ஆண்டின் முதல் விளையாட்டு இத்தொகுப்பில் இல்லை. எனவே, இங்கே புதுப்பிக்கப்பட்டிருப்பது அத்தொடரின் இரண்டாம் தலைமுறையே என்பதை மனத்தில் கொண்டுதான் இதனை மதிப்பிட வேண்டும்.

முதல் வைப்அவுட்டை உருவாக்கியது, 1984இல் லிவர்பூலில் தொடங்கப்பட்டு 1993இல் சோனியின் உடைமையான சைக்னோசிஸ் நிறுவனம். லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட் பகுதியின் மதுக்கூடம் ஒன்றில், வடிவமைப்பாளர் நிக் பர்கோமும் ஓவியர் ஜிம் பவர்சும் பேசிக்கொண்டிருந்தபோது இதன் கரு பிறந்தது. அமிகா கணினிக்காக சைக்னோசிஸ் முன்னர் வெளியிட்ட மேட்ரிக்ஸ் மரோடர்ஸ் என்னும் விளையாட்டின் கலங்கள் பவர்சின் கைவசம் இருந்தன. நின்டெண்டோவின் சூப்பர் மரியோ கார்ட்டை, அதன் சொந்த இசையை அணைத்துவிட்டு டெக்னோ இசையை ஓடவிட்டு ஆடும் வழக்கம் பர்கோமுக்கு இருந்தது. பந்தயத்தின் விரைவையும் இசையின் தாளத்தையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அப்பழக்கத்திலிருந்தே வந்தது எனலாம். 1995 செப்டம்பர் 29 அன்று பிளேஸ்டேஷன் ஐரோப்பாவில் அறிமுகமானபோது, அக்கருவியுடன் கடைக்கு வந்த விளையாட்டுகளுள் வைப்அவுட்டும் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டு வெளியான ஹேக்கர்ஸ் திரைப்படத்தின் இரவு விடுதிக் காட்சியில் நாயகனும் நாயகியும் இதன் மாதிரி வடிவம் ஒன்றை ஆடுவதாகக் காட்டப்பட்டது. அது ஆடத்தக்க விளையாட்டு அன்று, சைக்னோசிஸ் அப்படத்துக்காக முன்கூட்டியே வரைந்து கொடுத்த அசைபடம் மட்டுமே.

முதல் விளையாட்டின் கதைப்படி பந்தயங்கள் 2052ஆம் ஆண்டில் நடைபெறுகின்றன. ஃபைசார், கைரெக்ஸ், ஏஜி சிஸ்டம்ஸ், ஆரிகாம் என்னும் நான்கு அணிகளின் கலங்கள் கனடா, ஜப்பான், ஜெர்மனி, ரஷ்யா, கிரீன்லாந்து முதலிய இடங்களில் அமைந்த தடங்களிலும், மறைத்துவைக்கப்பட்ட தடமாகச் செவ்வாய்க் கோளிலும் ஓடுகின்றன. ஐரோப்பிய அணியான ஃபைசாரின் கலம் வேகத்தில் பின்தங்கினாலும் சொன்னபடி திரும்பும் என்பதால் தொடக்கக்காரர்களுக்கு அதுவே ஏற்றது. கைரெக்சின் கலமோ கனமும் வேகமும் மிக்கது, எளிதில் வளைந்துகொடுக்காதது. தடத்தில் பதிக்கப்பட்ட பட்டைகளின்மீது சென்றால் ஏவுகணை, கண்ணிவெடி, கவசம், உந்துவிசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கிடைக்கும்.

விளையாட்டின் உயிர் ஏர்பிரேக் என்னும் இரட்டைத் தடுப்பில் இருக்கிறது. கலத்தின் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் தனித்தனியே விரியும் இத்தடுப்புகளில் ஒன்றை மட்டும் அழுத்தினால் அப்பக்கம் காற்றில் இழுபட்டுக் கலத்தின் மூக்கு அங்கே திரும்புகிறது. ஆனால் மிதக்கும் கலத்துக்குத் தரையில் பிடிமானம் இல்லாததால், மூக்கு திரும்பிய பின்னும் உடல் சிறிது நேரம் பழைய திசையிலேயே வழுக்கிச் செல்கிறது. ஆகவே வளைவு கண்ணில் படுமுன்பே திரும்பத் தொடங்கிவிட வேண்டும். முதல் விளையாட்டில் இந்தக் கணக்கு ஒரு கணம் தவறிக் கலம் சுவரில் உரசினால் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். அதுவரை தேடிய வேகம் முழுவதும் போய்விடும். அக்காலப் பிளேஸ்டேஷன் கைப்பிடியில் சாய்குச்சிகள் இல்லாததால், நான்கு திசைப் பொத்தான்களைத் தட்டித்தட்டியே இந்த நுட்பத்தைக் கையாள வேண்டியிருந்தது. நடுவில் முறுக்கித் திருப்பத்தக்க நெக்கான் என்னும் நாம்கோ நிறுவனத்தின் கைப்பிடியைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான். 1996இல் வந்த வைப்அவுட் 2097, சுவரில் மோதினாலும் உரசிக்கொண்டே முன்செல்லும்படி இக்கடுமையைத் தளர்த்தியது. அதற்கு ஈடாக, கவச ஆற்றல் தீர்ந்தால் கலமே வெடித்துச் சிதறும் என்ற புதிய அச்சத்தைச் சேர்த்தது. தொடரின் மிகச் சிறந்த படைப்பு என்று பெரும்பாலோர் இன்றும் இதையே கூறுவதற்கு அந்தச் சமநிலையே முதன்மைக் காரணம்.

காட்சி அடையாளத்தை ஷெஃபீல்டு நகரின் டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்னும் வரைகலை நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. இசைத்தட்டு உறைகளுக்குப் பெயர் பெற்றிருந்த இந்நிறுவனம், கற்பனை அணிகளுக்கு உண்மையான வணிக நிறுவனங்களுக்கு உரியவை போன்ற சின்னங்களையும் எழுத்துருக்களையும் விளம்பரத் தட்டிகளையும் வரைந்தது. சிறுவர் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட வீடியோ விளையாட்டு, இருபது வயதைக் கடந்தோரின் நடனக் கூடங்களுக்குள் நுழைய இது வழிவகுத்தது. இசையின் பெரும்பகுதியை கோல்டு ஸ்டோரேஜ் என்னும் புனைபெயரில் டிம் ரைட் அமைத்தார். ஐரோப்பியப் பதிப்பில் கெமிக்கல் பிரதர்ஸ், ஆர்பிட்டல், லெஃப்ட்ஃபீல்டு ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றன. 2097இல் பிராடிஜி, அண்டர்வேர்ல்டு, ஃபியூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டன் போன்ற குழுக்கள் சேர்ந்தன. இப்பாடல்கள் வழக்கமான ஒலித்தட்டு முறையிலேயே பதிவாகியிருந்ததால், விளையாட்டுத் தட்டை வீட்டிலுள்ள சிடி பிளேயரில் இட்டு, நிரல் அடங்கிய முதல் பகுதியைத் தாண்டிவிட்டால், இரண்டாவதிலிருந்து இசைத் தொகுப்பு ஒன்றாகவே கேட்க முடிந்தது.

பின்னர் வந்தவற்றை விரிவாகக் கூற வேண்டியதில்லை. 1999இன் மூன்றாம் பாகம் மெருகேறியது. 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஃபியூஷன் பழைய ஆட்டக்காரர்களைக் கவரவில்லை, எனினும் பின்னர் புகழ்பெற்ற ஸோன் முறையை அறிமுகப்படுத்திய பெருமை அதற்கு உண்டு. பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கு வந்த பியூர் (2005), பல்ஸ் (2007) ஆகிய இரண்டும் தொடருக்குப் புத்துயிர் அளித்தன. இதற்குள் சைக்னோசிஸ் என்ற பெயர் மறைந்து, அந்நிறுவனம் ஸ்டூடியோ லிவர்பூல் ஆகியிருந்தது.

வைப்அவுட் எச்டி என்பது பியூர், பல்ஸ் ஆகியவற்றின் தடங்களிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுத்துப் பெரிய திரைக்காகப் புதிதாக வரைந்த விளையாட்டு. ஆக ஒமேகாவின் பெரும்பகுதி, முன்பே ஒருமுறை மறுவார்ப்புக்கு உள்ளானவற்றின் ரீமாஸ்டரே. முழு உயர்தெளிவுப் படம், நொடிக்கு 60 சட்டகங்கள் என்ற இரண்டையும் அக்காலக் கருவியில் ஒருங்கே அடைவதற்கு எச்டி ஒரு சூழ்ச்சியைக் கையாண்டது. சட்டகம் என்பது அசைவுத் தோற்றத்தை உண்டாக்க அடுத்தடுத்துக் காட்டப்படும் தனிப்படம். காட்சியின் சுமை கூடும்போது படத்தின் உயரத்தை 1080 புள்ளிகளில் நிறுத்திக்கொண்டு, அகலத்தை மட்டும் 1920இலிருந்து தேவைக்கேற்பக் குறைத்து, சட்டகங்களின் எண்ணிக்கை விழாமல் எச்டி பார்த்துக்கொண்டது. பாயும் வேகத்தில் கண் அக்குறையை உணர்வதில்லை. மின்னும் ஒளிகள் வலிப்பு நோயைத் தூண்டக்கூடுமா என்று அறியும் சோதனையில் தேறாததால் இதன் வெளியீடு தள்ளிப்போயிற்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

எச்டியின் ஆட்டமுறையில் இரு நுணுக்கங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஒன்று, பட்டையிலிருந்து கிடைத்த ஆயுதத்தை ஏவாமல் கலத்துக்குள்ளேயே கரைத்துக் கவச ஆற்றலாக மாற்றிக்கொள்ளும் வசதி. மற்றொன்று, மேட்டிலிருந்து கலம் காற்றில் எழும் நொடியில் இடம், வலம், இடம் என்று விரைந்து அசைத்தால் அது தன் அச்சில் ஒருமுறை உருண்டு, தரைக்கு இறங்கும்போது கூடுதல் உந்துவிசை பெறும் உத்தி. இந்த உருளலுக்கு விலையாகக் கவச ஆற்றலில் ஒரு பங்கு கழிந்துவிடும். கரைத்துச் சேர்த்ததை உருண்டு செலவழிப்பதா, எதிரியின் ஏவுகணைக்குத் தப்பிக்க வைத்திருப்பதா என்ற கணக்கு ஒவ்வொரு சுற்றிலும் எழுகிறது. ஸோன் முறையிலோ ஆயுதமும் இல்லை, எதிரியும் இல்லை. கலம் தானாகவே வேகமெடுத்துக்கொண்டே போக, ஆட்டக்காரர் திருப்புவதை மட்டும் செய்ய, கட்டத்துக்குக் கட்டம் தடத்தின் நிறங்கள் மாற, ஆற்றல் தீரும்வரை அது தொடர்கிறது. ஃபியூரி இதனைப் பலர் போட்டியிடும் வடிவிலும் விரித்தது.

வைப்அவுட் 2048 காலத்தில் பின்னோக்கிச் சென்று, பந்தயத்துக்கென்று தனித் தடங்கள் எழாத தொடக்க ஆண்டுகளைக் காட்டுகிறது. மாநகரத் தெருக்களே தடங்களாக இருப்பதால் அவை அகன்றும் கிளைவழிகளோடும் உள்ளன; தாக்கும் ஆயுதத்துக்கும் காக்கும் ஆயுதத்துக்கும் வெவ்வேறு நிறப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. வீட்டாவில் இது நொடிக்கு 30 சட்டகங்களிலேயே ஓடியது. இது வெளிவந்த அதே ஆண்டின் ஆகஸ்டில் சோனி ஸ்டூடியோ லிவர்பூலை மூடிவிட்டதால், அந்நிறுவனம் உருவாக்கிய கடைசி வைப்அவுட்டாக இதுவே நின்றுபோயிற்று.

ஆகவே ஒமேகா, மூலப் படைப்பாளர்களின் நிறுவனம் கலைந்த பின் பிறர் செய்த பணியாகும். லிவர்பூலிலேயே இயங்கிய சோனியின் எக்ஸ்டெவ் பிரிவு மேற்பார்வையிட, கிளெவர் பீன்ஸ், எபோஸ் கேம் ஸ்டூடியோஸ் என்னும் இரு சிறு நிறுவனங்கள் அதனைச் செய்து முடித்தன. மூன்று விளையாட்டுகளின் 26 தடங்களும் 46 கலங்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன. பிளேஸ்டேஷன் 4 புரோவில் 4கே தெளிவும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட படிகளை மிகுதியாகக் காட்டும் எச்டிஆர் ஒளியமைப்பும் கிடைத்தன. எச்டி, ஃபியூரி தடங்களில் இப்பணியின் பயன் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்தாக நின்றுவிடுகிறது, ஏனெனில் அவை முன்பே விரைந்தும் தெளிந்தும் ஓடியவை. 2048இன் நிலை வேறு. நொடிக்கு 30 சட்டகங்கள் 60 ஆனதால், கைப்பிடியில் அழுத்தியதற்கும் கலம் அசைவதற்கும் இடைப்பட்ட தாமதம் குறைந்து, சிறிய திரையில் ஒன்றோடொன்று குழம்பித் தோன்றிய தெருக்களும் கட்டடங்களும் முன்கூட்டியே பிரித்தறியத்தக்கவை ஆயின. விதி ஒன்றுகூட மாறாமலேயே விளையாட்டு எளிதாகவும் இனிதாகவும் ஆகிவிட்டது. படத்தைத் துலக்குவது வெறும் ஒப்பனை என்று கருதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். அனிச்சையாகக் கை இயங்க வேண்டிய பந்தய விளையாட்டில், தெளிவும் சீரான ஓட்டமும் ஆட்டத்தின் உறுப்புகளே ஆகும்.

இசையில் அந்த நிறைவு இல்லை. பாடல்களின் உரிமம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிதாகப் பெறப்பட வேண்டியதாக இருப்பதால், ரீமாஸ்டர்களில் பழைய ஒலி அப்படியே திரும்புவது அரிது. ஒமேகாவில் பிராடிஜி, கெமிக்கல் பிரதர்ஸ், நாய்சியா முதலியோரின் பாடல்களைக் கொண்ட புதிய பட்டியல் சேர்க்கப்பட்டது. அது தரத்தில் குறைந்ததன்று. ஆனால் எச்டியை ஆடியபோது குறிப்பிட்ட தடத்தோடு குறிப்பிட்ட தாளத்தைப் பிணைத்துக்கொண்ட ஒருவருக்கு, பழகிய வீட்டில் கதவுகள் இடம் மாறியிருப்பது போன்ற உணர்வை அது தருகிறது.

2018 மார்ச்சில் மெய்நிகர் தலைக்கவசமான பிளேஸ்டேஷன் விஆருக்கு ஏற்ற மேம்பாடு கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஏதோ சில தடங்களை மட்டும் மாதிரிக்குத் தருவதற்கு மாறாக, தொகுப்பு முழுவதையும் கலத்தின் ஓட்டி இருக்கையிலிருந்து ஆட முடிந்தது. உடல் அசையாதிருக்கக் கண் மட்டும் சுழன்று பாயும்போது குமட்டல் எழுவது இயல்பாகையால், அதைத் தணிக்கும் பார்வை அமைப்புகளும் கொடுக்கப்பட்டன. ஆயினும் மிகு வேகப் பந்தயங்களில் தலைசுற்றாமல் ஆடப் பழக்கம் வேண்டும்.

1995இன் மூலம், சோனியிடமிருந்து ரீமாஸ்டர் வடிவில் வெளிவரவில்லை. அதன் மறுவாழ்வு ஆர்வலர் கையில் நடந்துவருகிறது. 2022இல் அதன் விண்டோஸ் பதிப்புக்குரிய மூல நிரல் இணையத்தில் கசிந்தது. ஜெர்மானிய நிரலாளர் டொமினிக் ஷப்லெவ்ஸ்கி 2023இல் அதனைச் சி மொழியில் சீர்திருத்தி எழுதி, இணைய உலாவியிலேயே ஓடும்படி வெளியிட்டார். மூலத்தில் சட்டக எண்ணிக்கையோடு கட்டுண்டிருந்த இயக்கக் கணக்குகள் இவ்வடிவில் விடுவிக்கப்பட்டுள்ளதால், பழைய கலங்கள் இன்றைய திரைகளில் தடங்கலின்றி ஓடுகின்றன. தொலைவிலுள்ள தடப்பகுதி திடீரென்று முளைத்தெழும் பழைய குறையும் நீங்கியுள்ளது. சுவரில் மோதி நிற்கும் அன்றைய கடுமையை அறிய விரும்புவோர் இதனையே நாட வேண்டியுள்ளது. டிம் ரைட் அமைத்த இசையை, பிறர் செய்த மறுவடிவங்களுடன் சேர்த்து, பார்சிலோனாவின் லாப்சஸ் ரெக்கார்ட்ஸ் அதே 2023இல் வெளியிட்டது.

மிதக்கும் கலப் பந்தய விளையாட்டுகளின் முன்னோடி நின்டெண்டோ 1990இல் வெளியிட்ட எஃப்-ஸீரோ ஆகும். வைப்அவுட்டின் வழிவந்தவையாக, இத்தாலியின் டூரின் நகரில் உருவான ரெட்அவுட் (2016), முதல் பிளேஸ்டேஷனின் நடுங்கும் படத்தையும் கரடுமுரடான புள்ளிகளையும் வேண்டுமென்றே போலச்செய்யும் பாலிஸ்டிக்என்ஜி (2018) ஆகியவற்றைக் கூறலாம். ஒமேகாவுக்குப் பின் சோனியின் பெரிய கருவிகளுக்குப் புதிய வைப்அவுட் வரவில்லை. 2022இல் கைப்பேசிகளுக்கு வந்த வைப்அவுட் ரஷ், கலங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தரமுயர்த்தும் வேறு வகை விளையாட்டு.