பால் ஒவ்வாமையும் இருபதாண்டு மௌனமும்

குழந்தைகளின் பால் ஒவ்வாமை பற்றிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1936ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. அவ்வாண்டில் சிகாகோவைச் சேர்ந்த குரூலி, சான்ஃபோர்டு என்னும் மருத்துவர்கள் 20,061 குழந்தைகளைப் பற்றிய தரவுகளை வெளியிட்டனர். தாய்ப்பால் உண்ட குழந்தைகளைக் காட்டிலும் பசும்பால் புகட்டப்பட்ட குழந்தைகளிடம் கரப்பான் ஏழு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது என்பது அவர்களின் முடிவு. அதிலிருந்து இரண்டு கேள்விகள் கிளைத்தன. ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு எதைப் புகட்டுவது? வராமலேயே தடுக்க வழி உண்டா?

முதற்கேள்விக்கு விடை விரைவில் கிடைத்தது. பாலிலுள்ள கேசின் போன்ற புரதங்களையே குழந்தையின் உடல் பகையாகக் கருதுகிறது. அப்புரதங்களை நொதிகளால் சிறு துண்டுகளாகச் சிதைத்துவிட்டால் உடலுக்கு அடையாளம் தெரிவதில்லை. இந்த அடிப்படையில் மீட் ஜான்சன் நிறுவனத்தின் 'நியூட்ரமிஜன்' 1942இல் வந்தது. அவ்வகைப் பால்மாவு இன்றும் ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளுக்கு உதவுகிறது. நான் சொல்ல வருவது இரண்டாம் கேள்வியின் கதையை. அதில் இந்தியர் ஒருவரின் பெயர் நடுநாயகமாக இருக்கிறது.

ரஞ்சித் குமார் சந்திரா புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றியவர். ஊட்டக்குறைவுக்கும் நோயெதிர்ப்பாற்றலுக்கும் உள்ள உறவைப் பற்றி 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்து அவர் எழுதிய கட்டுரைகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. 1974இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1989இல் அந்நாட்டின் உயரிய விருதான 'ஆர்டர் ஆஃப் கனடா' அவருக்குக் கிடைத்தது.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவரும் உடனாசிரியர்களும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் அதில் ஒப்பிடப்பட்டனர். சாதாரணப் பசும்பால் மாவு உண்ட 40 பேரில் 28 பேருக்குக் கரப்பான். கேசின் சிதைக்கப்பட்ட மாவு உண்ட 43 பேரில் 9 பேருக்கு மட்டுமே. எழுபது விழுக்காடு எங்கே, இருபத்தொன்று எங்கே! பாலூட்டும் தாய்மார் பால், முட்டை, மீன் போன்றவற்றை விலக்கினாலும் குழந்தைக்குக் கரப்பான் குறையும் என்று அதே கட்டுரை சொன்னது. பிள்ளை பெற்றவளின் தட்டிலிருந்து பத்தியத்தின் பெயரால் ஏற்கெனவே பலவற்றை எடுத்துவிடும் நம் நாட்டுக் குடும்பங்களுக்கு இத்தகைய முடிவு எத்தனை எளிதில் உவப்பாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தையும் காத்திருந்தது. புரதம் ஓரளவு மட்டும் சிதைக்கப்பட்ட 'குட் ஸ்டார்ட்' மாவை 1988இல் நெஸ்லே அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியபோது ஒவ்வாமை குறைந்தது என்னும் பொருள்பட விளம்பரம் செய்தது. ஏற்கெனவே பால் ஒவ்வாமை இருந்த சில குழந்தைகள் அதை உண்டு துன்புற்றபின் அச்சொல் கைவிடப்பட்டது. ஆனால் 'தடுக்கும்' என்னும் நம்பிக்கை கைவிடப்படவில்லை. அதற்கு வலுவூட்டிய ஆய்வுகளுள் சந்திராவினுடையவை முதன்மையானவை. பால்மாவு நிறுவனங்களின் பணமும் அவருடைய ஆய்வுகளுக்கு வந்தது.

இவ்வாய்வுகளுக்காகப் பச்சிளங்குழந்தைகளைத் தேடிச் சேர்த்தவர் மெரிலின் ஹார்வி என்னும் செவிலியர். பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ ஒவ்வாமை இருக்க வேண்டும், பெற்றோர் ஒப்ப வேண்டும் என்னும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட குழந்தைகள் ஒரு சிறு நகரத்தில் எளிதில் கிடைப்பதில்லை. தாம் சேர்த்து முடிக்கும் முன்பே முடிவுகள் அச்சேறிவிட்டதைக் கண்டு அவர் திகைத்தார். 1994இல் பல்கலைக்கழகத்திடம் முறையிட்டார். விசாரணைக்குழு 1995இல், ஆய்வு நெறி மீறப்பட்டுள்ளது என்ற முடிவுக்கு வந்தது; மூலத் தரவுகள் அக்குழுவின் முன் வைக்கப்படவில்லை. சந்திரா குற்றச்சாட்டை மறுத்தார், வழக்குத் தொடுப்பதாகவும் எச்சரித்தார். பல்கலைக்கழகம் அறிக்கையை வெளியிடாமல் பூட்டி வைத்தது.

மருத்துவ வரலாற்றைப் பயில்பவன் என்ற முறையில், இக்கதையில் என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பூட்டுதான். அறிக்கை வந்து இரண்டாண்டு கழித்து, 1997இல், 288 குழந்தைகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்ததாகக் கூறும் சந்திராவின் கட்டுரை வேறோர் ஆய்விதழில் வந்தது. அதை ஏற்ற இதழுக்கும், படித்த மருத்துவர்க்கும் 1995இன் அறிக்கை பற்றித் தெரிய வழியில்லை. அவ்வெண்கள் தொகுப்பாய்வுகளில் புகுந்தன, தொகுப்பாய்வுகள் வழிகாட்டு நெறிகளுக்கு ஆதாரமாயின.

முடிச்சு வேறொரு பக்கத்திலிருந்து அவிழ்ந்தது. முதியோருக்கான வைட்டமின் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 'நியூட்ரிஷன்' இதழ் 2005இல் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு கனடாவின் அரசுத் தொலைக்காட்சியான சிபிசி, ஹார்வியின் சாட்சியத்தோடு அவரைப் பற்றிய தொடரை ஒளிபரப்பியது. சந்திரா அவதூறு வழக்குத் தொடுத்தார். 2015 ஜூலையில் தோற்றார். அவ்வழக்கே பூட்டிய அறிக்கையை வெளிக்கொணர்ந்தது என்பது முரணான நகைச்சுவை. அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1989ஆம் ஆண்டின் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் ஆர்டர் ஆஃப் கனடாவும் பறிக்கப்பட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடுப்புக் கோட்பாடு முழுவதும் ஒருவரின் எண்கள்மீது மட்டும் நிற்கவில்லை. 1995இல் தொடங்கி 2,252 குழந்தைகளைச் சேர்த்த ஜெர்மானிய ஆய்வு, சிதைக்கப்பட்ட மாவுகளுள் சிலவற்றால் சிறிதளவு பயன் இருப்பதாகக் கண்டது. ஆனால் 37 ஆய்வுகளைத் திரட்டி 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, இவ்வகை மாவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்குச் சீரான சான்று இல்லை என்றது. அதற்கு முன்பே, 2014இல், அமெரிக்க வணிக ஆணையம் 'குட் ஸ்டார்ட்' விளம்பரத்துக்காக கெர்பர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்திருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008இல் மிதமான சான்று உண்டு என்று சொன்னதை 2019இல் விலக்கிக்கொண்டது.

இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை, அதாவது தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவு, புட்டி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை, இந்தப் பின்னணியில் மீண்டும் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. விளம்பரத்தைத் தடைசெய்தது என்ற அளவிலேயே அது பேசப்படுகிறது. 2003இல் திருத்தப்பட்ட வடிவில் அதன் 9ஆம் பிரிவு, மருத்துவப் பணியாளர்க்கோ அவர்தம் சங்கங்களுக்கோ பால்மாவு நிறுவனங்கள் மாநாடு, பரிசு, ஆய்வு எதன் பெயராலும் பணம் தருவதைத் தடுக்கிறது. ஆய்வு என்னும் சொல் அங்கே இடம்பெற்றிருப்பதன் அருமை சந்திராவின் கதையை அறிந்தபின்தான் விளங்குகிறது. அப்பிரிவை மீறிய நிதியுதவிகள் குறித்த புகார்கள் இன்னும் எழுந்துகொண்டேதான் இருக்கின்றன.

பாலூட்டும் தாயின் உணவைப் பற்றிய அறிவுரைக்கும் இதே கதிதான். குழந்தைக்கு வரக்கூடிய ஒவ்வாமையைத் தடுப்பதற்காகத் தாய் பாலையும் முட்டையையும் மீனையும் விலக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அதே 2019ஆம் ஆண்டின் அறிக்கை கூறுகிறது. குழந்தைக்கு ஒவ்வாமை உறுதியாகி, மருத்துவர் சொன்னால் விலக்குவது வேறு. மற்றத் தாய்மாரின் தட்டிலிருந்து எடுத்தவற்றைத் திரும்ப வைத்துவிடலாம்.